இருந்தனங்க

பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை வியாபாரத்தில் இருக்கிறவர்கள் யாரிடமாவது என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அந்தக்காங்களா? வெல சொன்னா சொன்னதுதானுங்க" என்பார்கள். அதை நானே எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தேங்காய் உடைக்கிற இடத்தில் கூலிக்கு நின்றேன். பிறகு சொந்தமாகக் காயவைக்கும் களம் போட்டு, காங்கேயத்து எண்ணெய் ஆலைகளுக்கு லாரியில் கொப்பரை அனுப்புகிற அளவுக்கு வந்தேன். அதற்கு எவன் தயவும் எனக்குத் தேவைப்படவில்லை. தொண்டாமுத்தூரில் என் அண்ணன் தோட்டத்துக்குள் ஒற்றை யானை வந்த அன்று, ஆண்பிள்ளைகள் எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார்கள். நான் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன்.

இப்படிப்பட்ட நான் ஒரு வருஷம் பூராவும் பயந்துகொண்டே இருந்தேன். யாருக்கும் தெரியாமல் பயப்படுவது பெரிய வேலை. அதையும் நன்றாகவே செய்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஒரு மத்தியானம் களத்து நிழலில் புரோக்கர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். பத்தாவது படிக்காதவர்களும் வீட்டில் இருந்தபடியே தபாலில் பி.ஏ. படிக்கலாம், வயது மட்டும் நிறைந்திருந்தால் போதும் என்று அதில் போட்டிருந்தது. அவர் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இதுல சேந்துபோடுங்க."

"நான் எதுக்குங்க?"

"நீங்க பி.ஏ. ஆயிட்டீங்கன்னா பொறவு வெயில்ல வந்து எங்ககூட மல்லுக்கட்ட மாட்டீங்க. நாங்களும் நாலு காசு பாப்பமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க, என்னால ஆகாதுன்னு நெனச்சுத்தான சிரிக்கறீங்க?"

"ஆகாதுன்னு சொல்லுவனுங்களா? உங்ககிட்டயா? என்ற உசுரு மேல எனக்கு ஆசை இல்லீங்களா?"

"அப்பக் கேட்டுக்குங்க. பி.ஏ. வாங்கிக் காட்டறனுங்க. சரித்திரம் படிச்சு வாங்கறன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. என் தொழிலில் சொல்தான் முதல். இன்றைக்கு ஒரு விலை சொல்லி, நாளைக்குக் காங்கேயத்தில் விலை விழுந்துபோனாலும், சொன்ன விலைக்கே எடுப்பேன். அதை நம்பித்தான் தோட்டக்காரர்கள் மற்ற வியாபாரிகளைத் தாண்டி என் களத்துக்கு வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன பி.ஏ.வும் ஒரு விலை மாதிரிதான். அதில் நான் தோற்றால் 'அந்தக்கா சொன்னா சொன்னதுதான்' என்ற பேச்சுக்குப் பின்னால் ஓர் 'ஆனா' ஒட்டிக்கொள்ளும். அந்த ஆனாவை வைத்துக்கொண்டு பொள்ளாச்சியில் வியாபாரம் செய்ய முடியாது.

களத்தில் இருந்த யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கு எழுத வராது.

படிக்க நன்றாகவே வரும். பேப்பர், பஸ் போர்டு, மளிகை கட்டி வந்த தாள் எதையும் விடமாட்டேன். ஆனால் நாலாம் வகுப்புக்குப் பிறகு என் கையெழுத்தைத் தவிர ஒரு முழு வரி நான் எழுதியது இல்லை. கணக்கு வழக்கெல்லாம் என் வீட்டுக்காரர் எழுதுவார். நான் வாயால் சொல்வேன். சொல்லிச் சொல்லியே இவ்வளவு தூரம் வந்தவள், எழுதத் தெரியாது என்பதை நானே மறந்திருந்தேன்.

பாடப் புத்தகங்கள் தபாலில் கட்டாக வந்தன. நேராக பி.ஏ. கிடையாது. என்னைப் போன்றவர்கள் முதலில் அடிப்படைத் தேர்வு என்று ஒன்றை எழுத வேண்டும். வரலாறு ஒரு தாள், தமிழ் ஒரு தாள். இரண்டிலும் தேறினால்தான் பி.ஏ. பக்கமே எட்டிப்பார்க்க முடியும். புத்தகம் படிக்கிறது எனக்குக் கஷ்டமாக இல்லை, சந்தோஷமாகவே இருந்தது. சிந்து சமவெளியில் அந்தக் காலத்திலேயே சாக்கடைக்கு மூடி போட்டிருந்தார்கள் என்று படித்த அன்றைக்கு, களத்துக்குப் போகிற வழியில் எங்கள் தெருச் சாக்கடையை நின்று பார்த்தேன். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். கொப்பரை மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்குள் போய், ஆட்கள் சாப்பிடுகிற நேரத்தில் எழுதிப் பழகினேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவுக்கு வந்தது. ரகரமா றகரமா என்ற இடத்தில் கை நின்றுவிடும். ஒரு பக்கம் முடிவதற்குள், மூட்டை தூக்கினவன் மாதிரி தோள் கழன்றுபோகும்.

என் பேத்தி இன்றைக்கு இதே சரித்திரத்தைக் கைப்பேசியில் படிக்கிறாள். வகுப்பு, பாடம், பரீட்சை எல்லாமே அதற்குள். பிடிக்காவிட்டால் திரையை அணைத்துவிடலாம் என்கிறாள். எங்களுக்கு அணைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூர் பஸ் ஏறி, ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடக்கும் வகுப்புக்குப் போய், பின்னால் இருக்கிற பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார வேண்டும்.

எனக்கு முன் பெஞ்சில் ஒரு பாய் உட்காருவார். கோட்டைமேட்டுப் பக்கம் அத்தர், தொப்பி விற்கிற கடை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். மகள் கல்லூரிக்குப் போய்வந்து பேசுவது ஒன்றும் விளங்கவில்லை, அதற்காகச் சேர்ந்தேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவரிடம் ஒளிவுமறைவே கிடையாது.

"அக்கா, இந்தக் கேள்வியெல்லாம் பாத்தீங்களா? 'குறிப்பு வரைக'ன்னு போட்டிருக்குது. நமக்குப் படமெல்லாம் வராதுங்களே."

"அது எழுதறதுதானுங்க பாய். பேசாம இருங்க."

"உங்களுக்குப் பயமாவே இல்லீங்களா?"

"எனக்கென்னங்க பயம்? யானையவே பாத்தவ நான்."

அவர் நம்பினார். யானைக்கதையை அந்த வகுப்பில் எல்லோருக்கும் அவர்தான் பரப்பினார்.

முதல் தாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கூட வந்தார். பஸ் விட்டு இறங்கும்போது கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனம்மணி, கை இப்படிச் சில்லுன்னு இருக்குது?"

"ஜன்னலோரம் உக்காந்து வந்தனுங்க, அதான்."

"நான்தான ஜன்னலோரம் உக்காந்தன்."

கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் அவர் சோற்றுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பரீட்சை அறையின் வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றாள். கண்காணிக்க வந்த டீச்சர். என் மருமகள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அம்மா, எழுதறவங்க மட்டுந்தான் உள்ள வரணும். கூட வந்தவங்க வெளிய இருங்க."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இது உண்மை. அவளே போகச் சொல்லிவிட்டாள், போய்விடலாம், பரீட்சைக்கு விடவில்லை என்று களத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கால் திரும்பிவிட்டது. அதற்குள் பின்னால் வந்த பாய் கெடுத்தார்.

"அவங்களும் எழுதறவங்கதானுங்க டீச்சர். யானையவே பாத்தவங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வழி விட்டாள். நான் உள்ளே போனேன்.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எழுத்துகள் எல்லாம் எறும்பு மாதிரி நகர்ந்தன. முந்தானையில் கையைத் துடைத்தேன், மறுபடி வேர்த்தது. சுற்றிலும் பேனா ஓடும் சத்தம். மழை பிடிக்கும்போது களத்தில் கொப்பரை மேல் விழும் முதல் தூறல் சத்தம் அப்படித்தான் இருக்கும். காய்ந்ததெல்லாம் நனையப் போகிறது என்று அர்த்தம்.

'சிந்து சமவெளி மக்களின் நகர அமைப்பை விவரி' என்று முதல் கேள்வி. எனக்குத் தெரிந்த கேள்வி. மூடி போட்ட சாக்கடை. ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பது புத்தகம் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்வது. இது அப்படி இல்லையே. யாரோ ஒரு படித்த பெரியவர், முகம் தெரியாதவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார். நான் அவருக்குப் பதில் சொல்கிறேன். அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. பதில் சொல்ல எனக்கு வரும். வாழ்க்கை பூராவும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அந்தப் பெரியவரை எதிரில் நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். மணி அடிக்கிற வரைக்கும் எழுதினேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம், "ஊதித் தள்ளிப்போட்டனுங்க" என்றேன். தூக்குப்போசியில் இருந்த தக்காளிச் சோறு முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

பொழுதோடு வீட்டுக்கு வந்ததும் மருமகள் காப்பியோடு வந்தாள். பெரியநாயக்கன்பாளையத்துப் பெண், முறையாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள். எனக்கு முன்னால் உட்காரக்கூட மாட்டாள், அவ்வளவு பயம். அன்றைக்கு நான் நல்ல மனநிலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் கேட்டாள்.

"எப்படி எழுதுனீங்க அத்தை? ஒரு வரி சொல்லுங்க, கேக்கலாம்."

"எதச் சொல்ல? சாக்கடை கேட்டிருந்தாங்க கண்ணு. 'தெருக்கள் நேராக இருந்தனங்க. சாக்கடைகள் மூடப்பட்டு இருந்தனங்க. செங்கல்லால் வீடு கட்டினார்களுங்க.' அப்படியே பூராவும் எழுதிப்போட்டன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தை, இப்பச் சொல்றப்பதான 'ங்க' போட்டீங்க? எழுதறப்ப...?"

"எழுதறப்பவுந்தான். பெரியவங்க கேள்வி கேக்கறப்ப மொட்டையாவா பதில் சொல்றது? மருவாதி வேண்டாமா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். சிரித்ததற்கு நான் திட்டுவேன் என்று நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது.

"தப்பா கண்ணு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பரீட்சையில அப்படி எழுத மாட்டாங்க அத்தை. 'இருந்தன'ன்னு நிறுத்திக்கணும்."

"எல்லா வரியிலும் போட்டிருக்கறேனே."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் முழுதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வரியில் தப்பு என்றால் மன்னிப்பார்கள். கட்டுக்கட்டாக, பக்கம் பக்கமாக 'ங்க' போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் அதைப் பத்துப் பேரிடம் காட்டிச் சிரிப்பார். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குப் பொள்ளாச்சியில் சொந்தம் இருக்கும். செய்தி களத்துக்கு வந்துவிடும். இப்படியே நினைத்து நினைத்து, ஒருநாள் ஒரு தோட்டக்காரரிடம் விலை சொல்லும்போது நாக்குக் குழறிவிட்டது. சொன்னதை மறுபடி சொன்னேன். அன்றைக்குப் பேப்பர் படித்த புரோக்கர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அக்கா, காச்சலுங்களா?"

"ஏனுங்க?"

"இல்ல, ஒரு வெலைய ரெண்டு தடவ சொல்றீங்க. நீங்க அப்படிச் சொல்றவங்க இல்லீங்களே."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மருமகளிடம், "என்னால ஆகாது, விட்டுப்போடறன்" என்றேன். 'ங்க' இல்லாமல் எழுத எனக்குத் தெரியாததால் அல்ல. எழுத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பது சுலபம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் வெளி மனிதரிடம் அது இல்லாமல் பேசினால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். எடை மோசம் செய்த ஒரு வியாபாரியிடம் ஒரே ஒரு தடவை நான் அதை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறேன். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் ரோட்டில் வருவதில்லை. நான் தேறுவதும் தவறுவதும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே போய் அப்படிப் பேசு என்றால்?

மருமகள் கேள்வித்தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"இதப் பாருங்க அத்தை. 'விவரி'. 'விவரியுங்கள்'னு போட்டிருக்குதா? 'விடை தருக'. 'எழுதுக'. அவங்க உங்களுக்கு மருவாதி குடுத்தா கேக்கறாங்க? அவங்க மொட்டையாக் கேக்கறாங்க, நீங்களும் மொட்டையாச் சொல்லுங்க. சரிக்குச் சரி."

அவள் சொன்னது சரி. நாலாம் வகுப்பு வரை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. கேள்வித்தாள்தான் முதலில் மரியாதையை விட்டிருக்கிறது.

அடுத்து அவள் செய்த காரியத்துக்கு நிஜமாகவே துணிச்சல் வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "மரம் வளர்ப்பதன் நன்மைகளை விவரி" என்றாள்.

"மரம் நெழல் தருமு..."

"அத்தை."

"மரம் நிழல் தரும்."

"பழத்தைச் சொல்."

"மரம் பழம் தரும்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "யாரு அது, என்ற ஊட்டுக்காரிய வா போன்னு பேசறது?"

"வாத்தியாருங்க மாமா" என்றாள் மருமகள், காலை இறக்காமல்.

தமிழ்த் தாள் அன்றைக்குப் பயம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கூடத்தான் இருந்தது. போன தடவை என்ன தப்புச் செய்வேன் என்று தெரியாமல் உட்கார்ந்தேன். இந்தத் தடவை தெரிந்தே உட்கார்ந்தேன். கட்டுரைக்கும் மரம்தான் வந்திருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பேனா தானாக அடுத்த எழுத்துக்குப் போகும். இழுத்துப் பிடிப்பேன். ஓரிடத்தில் 'தருகின்றனங்க' என்று எழுதி, கடைசி இரண்டு எழுத்தை மட்டும் அடித்தேன். அடித்த இடத்தைப் பார்க்கும்போது, ஒரு பெரியவரைப் போங்க என்று சொல்ல வந்து போ என்று சொன்னமாதிரி காது சுட்டது. எடை மோசக்காரனை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டேன். மரத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் மழை வராது. ஆறு வறளும். கட்டுரை முழுக்க அவனைத்தான் திட்டியிருக்கிறேன்.

முடிவு வருகிற வரைக்கும் நான் களத்தில் கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தேன். விலை ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் மருமகளுக்குத் தெரியும். தபால்காரர் மணி அடித்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

கடைசியில், தேறினவர்கள் எண்ணைக் கல்லூரிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்து பஸ் ஏறினேன். வீட்டுக்காரரைக் கூட்டிப் போகவில்லை. தோற்றிருந்தால் அந்த முகத்தோடு அவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார முடியாது. சுவர் முன்னால் கூட்டம். தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண் ஓடவில்லை. விரலை வைத்துத் தேடினேன். என் எண் இருந்தது. எடுத்த விரலைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். இருந்தது.

அந்தப் பெரியவர் என் 'இருந்தனங்க'வைப் படித்துச் சிரித்தாரா, பாவம் பார்த்தாரா, அல்லது அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானா, எனக்குத் தெரியாது. மதிப்பெண்ணைச் சுவரில் போடவில்லை.

கூட்டத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் பாய் நின்றிருந்தார். அவர் எண் இல்லை. என்னைப் பார்த்ததும், "உங்களுது இருக்குதுங்கக்கா. நான் முதல்லயே பாத்துட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக நிற்கவில்லை.

"அடுத்த தடவ எழுதுங்க பாய்."

"எழுதலாமுங்க. ஆனா அந்த ரூமுக்குள்ள போனாலே எனக்குக் கை கால் ஆடுதுங்க. உங்கள மாதிரி நெஞ்சழுத்தம் எனக்கு இல்லீங்கக்கா."

களத்தில் நான் சொன்ன விலையில் பாதியைக் காப்பாற்றிவிட்டேன். மீதி பாதி பி.ஏ., அதற்கும் வழி திறந்துவிட்டது. ஆனால் இந்த மனுஷரிடம் சொன்ன ஒரு பேச்சு மட்டும் மோசமான எடையாக நின்றுகொண்டிருந்தது.

"பாய், யானையப் பாத்தப்ப எனக்குப் பயம் இல்ல. அது நெசம். அந்த ரூம்ல பயந்துட்டேதான் உக்காந்திருந்தனுங்க. அன்னிக்கு அந்தப் புள்ள வெளிய இருங்கன்னு சொன்னப்ப ஓடியே போயிருப்பன். நீங்கதான் உள்ள தள்ளி உட்டீங்க."

"அப்ப யானைன்னு ஊரெல்லாம் சொன்னனே நானு."

"யானை நெசந்தானுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பாய் அடுத்த தடவை எழுதித் தேறினார்.

மறுநாள் களத்தில் சேதியைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், அதில் என்ன. அந்தப் புரோக்கர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இனி உங்ககிட்ட வெல பேசோணும்னா நாங்க பரீட்சை எழுதோணுமுங்களா அக்கா?" என்றார். "எழுதுங்க, நானே திருத்தறன்" என்றேன்.

பிறகு பி.ஏ.வும் முடித்தேன். தேறாமல் திரும்ப எழுதிய தாள்களும் உண்டு. கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் களத்து அலுவலகச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது, வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் அந்த அறை வாசலில் கை சில்லிட்டது. கடைசித் தாள் வரை அது போகவே இல்லை.

இதையும் அந்த இரண்டு எழுத்து இல்லாமல்தான் எழுதி முடித்திருக்கிறேன். வரி முடியும் இடமெல்லாம் பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது. மரியாதை தெரியாதவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். படிக்கும்போது நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.